கூறைப்புடவையில் வந்த பேய்

1991-ம் ஆண்டு, ஐப்பசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஏரிக்கரையில் இது நடந்தது. காலை ஏழே முக்காலுக்கு வேனில் ஏறினேன். மாலை ஆறு நாற்பதுக்கு வீட்டு வாசலில் நின்றேன். பத்தாம் வகுப்பிலிருந்தே எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. ஆகவே இதில் வரும் நேரங்கள் எல்லாம் அன்றிரவே எழுதி வைத்தவை. இத்தனை வருடம் கழித்து நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. கணவர் மஞ்சள் காமாலையில் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. மாமியார், கொழுந்தனார், அவர் மனைவி, நான் என்று நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தேன். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டு ஜாக்கெட்டும் என்னிடம்தான் வரும். முகூர்த்த ஜாக்கெட் மட்டும் வராது. அதற்குத் தேரடிப் பக்கம் ஒரு டைலரிடம் போவார்கள். யாரும் காரணம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வெளிர் நிறப் புடவை, வெறும் நெற்றி, பூ இல்லாத தலை என்று இருந்தேன். பழகிவிட்டது என்றுதான் யாரிடமும் சொல்வேன்.

அந்த ஐப்பசியில் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்து இறங்கியது. சிறிய கம்பெனி. பதினைந்து பேர், ஒரு வேன், ஒரு காமிரா. பேய்ப் படம். நடுக்கடலில் ஒரு தீவு, அதில் ஒரு பேய், அங்கே போய் மாட்டிக்கொள்ளும் ஐந்து பேர் என்று கதை. கடலுக்குப் போக வசதி இல்லாததால் எங்கள் ஊர் ஏரிக்கு வந்திருந்தார்கள். அந்த வருடம் நல்ல மழை. ஏரி நிறைந்து, நடுவில் இருக்கும் மண் திட்டு நான்கு பனை மரங்களோடு தனியாக நின்றது. அதுதான் தீவு. இரண்டு ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையால் அடிப்பார்கள். அதுதான் அலை. சட்டியில் சாம்பிராணி போட்டு விசிறினால் மூடுபனி. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும். ஆனால் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கரையில் நிற்கும் பெண்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

டைரக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். மெலிந்த, தன்மையான மனிதர். அவருடைய பெரிய தலைவலி எங்கள் மலை. காமிராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது பின்னால் வந்து நின்றது.

“நடுக்கடல்ல ஏதும்மா இவ்ளோ பெரிய மலை?” என்று புலம்புவார்.

“அது எங்க போவும் சார்? நீங்கதான் வேற எங்கியாவது போவணும்” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அவர்களோடு தையல்காரர் யாரும் வரவில்லை. தங்கியிருந்த லாட்ஜின் ஆள் என்னைக் காட்டிவிட்டிருக்கிறார். தீவுவாசிகளுக்குப் பன்னிரண்டு சட்டை, கல்யாணப் பெண்ணுக்கு ஒரு சிவப்புப் பட்டு ஜாக்கெட், பேய்க்குத் தரையைத் தொடும் ஒரு வெள்ளை அங்கி. எட்டு நாளில் முடித்தேன். மெட்ராஸ்காரர்களுக்கு எந்த ஜாக்கெட்டை யார் தைக்கலாம் என்ற விவரமெல்லாம் தெரியவில்லை. அந்தச் சிவப்பு ஜாக்கெட்டைத் தைக்கும்போது கதவைச் சாத்தி வைத்துக்கொண்டேன் என்று டைரியில் இருக்கிறது. ஏன் சாத்தினேன் என்று எழுதவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, உடைகள் கிழிந்தால் தைத்துக் கொடுக்க என்னையும் வரச் சொன்னார்கள். கல்யாணக் காட்சியில் கூட்டமாக நிற்க எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். என் ஓர்ப்படியும், அதாவது கொழுந்தனார் மனைவியும், வந்திருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அம்மாவுக்கு ஆரத்தித் தட்டு கொடுத்திருந்தார்கள். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

காலையில் கல்யாணக் காட்சி எடுத்தார்கள். பெண்ணின் முந்தானை நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததால் ஊக்கு குத்தப் போனேன். ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா என்னைத் தடுத்தார்.

“நீ ஏன்மா கல்யாணப் பொண்ணுகிட்ட போற? வேற யாரையாவது குத்தச் சொல்லு.”

“சினிமாதானேங்க” என்றேன்.

“சினிமாவா இருந்தா இன்னா? சகுனம் சகுனந்தான்.”

ஊக்கை என் ஓர்ப்படியிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். அவள் கோணலாகக் குத்தினாள். படத்தில் இன்றும் அந்த முந்தானை கோணலாகத்தான் இருக்கும்.

மதியம் பன்னிரண்டரைக்குக் கல்யாணப் பெண்ணாக நடித்த நடிகைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. காரில் மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளேதான் பேயாகவும் நடிக்க வேண்டியவள். பேய் வரும் காட்சி ஒன்று மாலை வெளிச்சத்தில் எடுக்க மீதி இருந்தது. பரிசலும் ஆட்களும் அன்றைக்கு வரைக்கும்தான். முகம் முடிக்குள் மறைந்திருக்கும், தூரத்தில்தான் தெரியும், யாராவது ஒரு பெண் நின்றால் போதும் என்றார் டைரக்டர்.

கம்பெனி மேனேஜர் எங்கள் தெருப் பெண்களிடம் வந்தார். அவர் கொஞ்சம் வாய்த்துடுக்கானவர்.

“யாராவது ஒருத்தர் வாங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை. சும்மா திட்டு மேல நின்னா போதும்.”

ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள். ஒருத்தி தாலிச் சரடை வெளியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பேயா நிக்கறதுக்கு நாங்க எதுக்குங்க? நாங்கல்லாம் சுமங்கலிங்க” என்றார் ஆரத்தித் தட்டு அம்மா. பிறகு என் பக்கம் தாடையை ஆட்டினார். “அதுக்குத்தான் அவங்க இருக்காங்களே.”

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

“அட, ஆமா! நம்ம டைலரம்மாவ விட்டுட்டு ஊரெல்லாம் தேடினு இருக்கேன். நெத்தியில ஒண்ணும் இல்ல, தலையில ஒண்ணும் இல்ல. அப்டியே வந்து நின்னா போதும். மேக்கப்பே வேணாம்!”

எல்லோரும் சிரித்தார்கள். லைட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பத்து வருடமாக என்னிடம் ஜாக்கெட் தைத்துப் போடும் பெண்கள் சிரித்தார்கள். என் ஓர்ப்படியும் சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்ததையும் எழுதினால்தான் நடந்ததை நடந்தபடி எழுதியதாகும்.

மேனேஜர் வெள்ளை அங்கியை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தார். என் கையால் தைத்தது. தோள், கை நீளம், உயரம் எல்லாம் எனக்குச் சரியாக இருந்தன.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. எங்கோ ஒரு தையல் பிசகியிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது போல மனம் வேலை செய்யும். அங்கியை மடித்து வைத்துவிட்டு நேராக டைரக்டரிடம் போனேன்.

“சார், அந்தப் பொண்ணு எப்ப சாவறா?”

“எந்தப் பொண்ணும்மா?”

“பேயா வர்ற பொண்ணு.”

“கல்யாணத்தன்னிக்கே. தாலி கட்டறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி கடல்ல தள்ளிடறாங்க.”

“அப்ப எதுக்கு சார் வெள்ளையில வர்றா? கூறைப்புடவையோட, பூவோட, பொட்டோட போனவ. வந்தா அப்படித்தானே வருவா? நடுவுல யாரு அவளுக்கு வெள்ளை மாத்திவிட்டது?”

அவர் கையில் இருந்த காகிதக் கட்டைப் புரட்டினார். பிறகு மேனேஜரைப் பார்த்து, “ஏன்யா, ஆறு மாசமா இந்தக் கதையக் கட்டி அழறோம். இது நமக்குத் தோணலியே?” என்றார்.

“பேய்னா வெள்ளைதான் சார். ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க” என்றார் மேனேஜர்.

“கூறைப்புடவைன்னா நான் நிக்கறேன்” என்றேன். “வெள்ளைன்னா வேற ஆள் பாத்துக்குங்க.”

வேறு ஆள் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். மணி நாலு ஆகப் பத்து நிமிடம். மலைக்குப் பின்னால் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. டைரக்டர் தலையை ஆட்டினார்.

சிவப்பு ஜாக்கெட் எனக்கு இறுக்கமாக இருந்தது. நான் எப்போதும் பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பேன். வேனுக்குள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிரித்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுப் பத்து நிமிடத்தில் போட்டுக்கொண்டேன். கூறைப்புடவை கட்டினேன். காலையில் கல்யாணப் பெண் வைத்திருந்த மல்லிகை கொஞ்சம் வாடியிருந்தது. அதையே வைத்துக்கொண்டேன். மேக்கப்காரர் ஒட்டுப் பொட்டு அட்டையை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

ஆரத்தித் தட்டு அந்த அம்மா கையில்தான் இன்னும் இருந்தது. அதில் குங்குமம் இருந்தது. சினிமாவுக்கென்று கொண்டு வந்ததல்ல, அவர் வீட்டிலிருந்து எடுத்து வந்த நிஜக் குங்குமம். நேராகப் போய்க் கையை நீட்டினேன். அவர் தட்டைப் பின்னால் இழுத்தார்.

“குடுங்க” என்றேன்.

“வேணாம்மா. ஊர்ல இன்னா பேசுவாங்க?”

“காலையில சினிமாவா இருந்தாலும் சகுனம் சகுனந்தான்னீங்களே. அப்ப இந்தக் குங்குமமும் நிஜந்தானே? குடுங்க.”

“வெளிச்சம் போவுதும்மா! தட்டக் குடுங்க!” என்று டைரக்டர் கத்தினார்.

தட்டு முன்னால் வந்தது. மோதிர விரலால் தொட்டு வைத்தேன். கண்ணாடி பார்க்கவில்லை. ஆனால் பொட்டு நடுவில்தான் இருந்தது; அதைப் பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பரிசலில் திட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சாம்பிராணி, பலகை, தண்ணீர். முடியை முன்னால் விரித்துப் போட்டுக்கொண்டு பனை மரங்களுக்கு நடுவிலிருந்து நடந்து வர வேண்டும். முதல் தடவை புகையில் இருமிவிட்டேன். இரண்டாம் தடவை ஓர் எருமை நடுக்கடலுக்குள் இறங்கிவிட்டது. மூன்றாம் தடவைக்கு முன் டைரக்டர் கரையிலிருந்து வாயில் கையைக் குவித்துச் சொன்னார்.

“நேராப் பாரும்மா! பயமுறுத்தணும்! யாரையாவது நெனச்சுக்க!”

யாரையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. காமிராவுக்குப் பக்கத்தில் அவர்கள் பத்துப் பேரும் நின்றிருந்தார்கள். முடியை விலக்கிவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கரையில் அந்தப் பத்துப் பேரும் இரண்டடி பின்னால் போனதை நான் பார்த்தேன். நான்கு ஐம்பதுக்கு ‘ஓகே’ என்றார்கள்.

கரைக்கு வந்ததும் மேக்கப்காரர் பஞ்சும் கிரீமும் கொண்டுவந்தார். புடவையையும் ஜாக்கெட்டையும் பூவையும் கழற்றிக் கொடுத்தேன். பஞ்சை வாங்கவில்லை.

“பொட்ட அழிச்சிட்டுப் போம்மா” என்றார் ஆரத்தித் தட்டு அம்மா. அவர் குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகவே பயந்திருந்தார். “மாமியாக்காரி இன்னா சொல்லும்?”

“ஷூட்டிங் இன்னும் முடியலங்க” என்றேன்.

டவுன் பஸ்ஸில் திரும்பினோம். என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. பாதி வழியில் என் ஓர்ப்படி எழுந்து வந்து உட்கார்ந்தாள். சிரித்ததற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது மட்டும், “அத்தை வாசல்லியே நிப்பாங்கக்கா” என்றாள்.

நின்றுகொண்டுதான் இருந்தார். செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

“நெத்தியில இன்னாடி அது?”

“குங்குமம் அத்தை.”

“அழிச்சுட்டு உள்ள வா.”

“அழிக்க மாட்டேன்.”

“அப்ப இந்த வீட்டுக்குள்ள வராத.”

எனக்குப் போக வேறு வீடு இல்லை. அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். மிஷின் உள்ளே இருந்தது, அளவு நோட்டு உள்ளே இருந்தது, நான் சம்பாதித்து உண்பதற்கான எல்லாமே அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தன. முந்தானையால் ஒரு தடவை துடைத்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதை யோசிக்கவே இல்லை என்று எழுதினால் பொய். யோசித்தேன். என் கை முந்தானை நுனி வரைக்கும் போனது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. இந்த ஒரு நேரம்தான் டைரியில் இல்லை. பின்னால் ஒரு குரல் கேட்டது. பக்கத்துத் தெரு டீச்சர், ஜாக்கெட் வாங்க வந்திருந்தார்.

“ரெடியாங்க? கொக்கி மாத்தினீங்களா?”

என் நெற்றியைப் பார்த்தார். பார்த்தார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் கேட்டது கொக்கியைப் பற்றித்தான்.

“மாத்திட்டேன் டீச்சர். உள்ள இருக்கு, எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு, மாமியாரை இடிக்காமல் ஒரு பக்கமாகத் திரும்பி உள்ளே போய்விட்டேன். வெளி ஆள் முன்னால் மருமகளைத் தடுப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அன்று என்னைக் காப்பாற்றியது அந்தக் கௌரவம்தான். ஜாக்கெட்டைக் கொடுத்து அனுப்பியபின் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். ராத்திரி சாப்பாட்டை ஓர்ப்படி அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.

மாமியார் நாற்பத்தொரு நாட்கள் என்னோடு பேசவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் காலையில், “குக்கர் கேஸ்கட்டு தேஞ்சு போச்சு” என்றார். அதற்குப் பிறகு நெற்றியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, சாகும்வரை. ஒன்பது வீட்டுக்காரர்கள் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பொங்கலுக்குள் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். மீதி இரண்டு பேரின் அளவு இன்னும் என் நோட்டில் இருக்கிறது.

அடுத்த சித்திரையில் படம் எங்கள் ஊருக்கு வந்து ஒரு வாரம் ஓடியது. மேட்னிக்கு நானும் ஓர்ப்படியும் போனோம். தீவு முதல் தடவை திரையில் வந்ததுமே ஆண்கள் பக்கத்திலிருந்து, “டேய், நம்ம மலைடா!” என்று ஒரு குரல். தியேட்டர் முழுக்க ‘அரோகரா’ போட்டது. அதன்பின் யாரும் எதற்கும் பயப்படவில்லை. ரப்பர் கை வந்தபோது சிரித்தார்கள். மண்டை ஓடு உருண்டபோது விசில் அடித்தார்கள். பாவம் அந்த டைரக்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்கு முன்பு நான் வந்தேன். பதினான்கு நொடி. மறுநாள் தனியாகப் போய்க் கைக்கடிகாரத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். புகைக்குள்ளிருந்து சிவப்புப் புடவை, விரிந்த முடி, முடிக்கு நடுவே பொட்டு, அதற்குக் கீழே இரண்டு கண். அந்தப் பதினான்கு நொடி தியேட்டரில் சத்தமே இல்லை. எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஆரத்தித் தட்டு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஓர்ப்படி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“நீங்கதான்னு தெரியுதுக்கா. ஆனாலும் பயமா இருக்கு.”

“எனக்குந்தான்” என்றேன். அது பொய். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சில வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் அதே அம்மா என் பின்னால் நின்றார். வெகுநாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டார்.

“யாருக்காகம்மா நெத்தியில இதை வச்சினு இருக்க?”

“எனக்குப் பிடிச்சிருக்கு, வச்சினு இருக்கேன்” என்றேன். “வரிசை நகருது பாருங்க.”

அந்தப் படத்தை இப்போது யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறேன். அன்று அந்தத் திட்டில் நின்று கரையில் இருந்த பத்துப் பேரைப் பயமுறுத்தினேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய டைரிகளைப் புரட்டும்போதுதான் ஒன்று உறைத்தது: அந்த ஆறு வருடத்தில் ‘பொட்டு வைக்காதே’ என்று யாரும் என் கையைப் பிடித்துத் தடுத்ததாக ஒரு வரிகூட இல்லை, யாரும் சொல்லாமலே நான் தள்ளி நின்றிருக்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு தைத்திருக்கிறேன். அன்று நான் விரட்டியது அப்படித் தள்ளி நின்ற அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான்; அவள் திரும்பி வர இன்றுவரை நான் இடம் கொடுத்ததில்லை, இனியும் கொடுப்பதாக இல்லை.